கோடு போட்டவரும் குடியிருந்தவரும்

சில வருடங்களுக்கு முன் ஒரு நகராட்சி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம். 'வரைவுத் திட்டம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது. ஆட்சேபணை உள்ளவர்கள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம்' என்று பேப்பரில் பொடி எழுத்தில் ஓர் அறிவிப்பு. டெண்டர் விளம்பரத்துக்கும் 'காணவில்லை' விளம்பரத்துக்கும் நடுவில் ஒளிந்துகொண்டிருந்தது. வேறு வேலை இல்லாததால் படித்துவிட்டேன்.

மாடியில் ஒரு க்ளார்க். பீரோவுக்குப் பின்னாலிருந்து சுருட்டி வைத்திருந்த வரைபடத்தை எடுத்துத் தூசி தட்டினார்.

"இதுவரைக்கும் எத்தனை பேர் சார் வந்து பார்த்தாங்க?"

"நீங்கதான் மொத ஆள். போன வாரம் ஒருத்தர் வந்தார். பாத்ரூம் எங்கேன்னு கேட்டுட்டுப் போயிட்டார்."

மேஜையில் விரித்தோம். ஒரு மூலைக்கு என் செல்போன், ஒரு மூலைக்கு அவருடைய டிபன் பாக்ஸ். மஞ்சள் என்றால் குடியிருப்பு, நீலம் என்றால் கடைகண்ணி. என் நண்பன் குடியிருக்கும் தெருவைத் தேடினேன். கிடைத்தது. அதன் மேலேயே இரண்டு புள்ளிக்கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. ஓரத்தில் 'உத்தேச சாலை' என்று எழுதியிருந்தது.

"இது நிஜமாவே வந்துடுமா சார்?"

"வெறும் வரைவுதானே. கவலைப்படாதீங்க!"

'வெறும் வரைவுதானே.' உலகம் முழுக்க நகராட்சிகள் சொல்கிற ஆறுதல் இது. 1968ல் லண்டன் மாநகரத்தின் நடு மத்தியில் குடியிருந்தவர்களுக்கும் இதே ஆறுதல்தான் கிடைத்தது. அவர்களில் சிலர் அந்த ஆறுதலை ஏற்றுக்கொள்ளாமல் வரைவைப் படித்துத் தொலைத்தார்கள். அந்தக் கதைதான் இந்த வாரம்.

கோவன்ட் கார்டன் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 'மை ஃபேர் லேடி' படம் பார்த்திருந்தால் நிச்சயம் தெரியும். பூ விற்கிற எலிஸாவும் மொழிப் பேராசிரியர் ஹிக்கின்ஸும் முதல்முதலாகச் சந்திக்கிற இடம். பெர்னார்ட் ஷா தன் 'பிக்மேலியன்' நாடகத்தை அங்கே உள்ள செயின்ட் பால் தேவாலயத்தின் முகப்பில்தான் ஆரம்பிக்கிறார்.

ஒரு காலத்தில் அது மடாலயத்துத் தோட்டம். கான்வென்ட் கார்டன் என்பதுதான் வாயில் புரண்டு கோவன்ட் கார்டன் ஆனது. 1630களில் பெட்ஃபோர்டு பிரபு அங்கே பணக்காரர்களுக்காக ஒரு குடியிருப்பு கட்ட நினைத்தார். இனிகோ ஜோன்ஸ் என்கிற கட்டடக்கலைஞரைப் பிடித்தார். அவர் இத்தாலி பாணியில் நடுவே பெரிய சதுக்கம் வைத்து, சுற்றி வீடுகள் வைத்து, ஒரு பக்கம் தேவாலயம் வைத்துக் கொடுத்தார். லண்டனில் அப்படித் திட்டம் போட்டுக் கட்டிய சதுக்கம் அதுதான் முதல். ஆக, கோவன்ட் கார்டனே ஒரு வரைபடத்தில் பிறந்த குழந்தை!

ஆனால் ஊர் வரைபடத்தின் பேச்சைக் கேட்குமா? சதுக்கத்தில் நாலு பேர் கூடை வைத்துக் காய்கறி விற்க ஆரம்பித்தார்கள். 1670ல் அதற்கு ராஜா இரண்டாம் சார்லஸின் அனுமதியும் கிடைத்துவிட்டது. பிரபுக்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வேறு பேட்டைக்குப் போனார்கள். 1830ல் சந்தைக்கென்றே பெரிய கட்டடம் வந்தது. அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளுக்கு லண்டன் சாப்பிட்ட முட்டைக்கோஸும் ஆப்பிளும் ரோஜாப்பூவும் பெரும்பாலும் அங்கிருந்துதான் போயின.

நம்ம சென்னை கொத்தவால் சாவடியை நினைத்துக்கொள்ளுங்கள். 1996ல் கோயம்பேட்டுக்குப் போவதற்கு முன்னால் அது எப்படி இருந்தது? அதே லாரி, அதே நெரிசல், அதே தலைச்சுமை, அதே அழுகிய தக்காளி வாசனை. கோவன்ட் கார்டனும் அப்படித்தான். ராத்திரி முழுக்க லாரிகள். விடியற்காலையில் சுமை தூக்குகிறவர்களுக்காகவே திறக்கிற மதுக்கடைகள். சுற்றிலும் சின்னச் சின்ன அச்சகங்கள், நாடக அரங்குகள், அரங்குகளுக்கு உடை தைப்பவர்கள், பழைய வீடுகளில் வாடகைக்குத் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்கள். அந்தச் சந்தையின் கடைசி நாட்களை ஹிட்ச்காக் தன் 'ஃப்ரென்ஸி' படத்தில் பிடித்து வைத்திருக்கிறார். மனிதர் காய்கறிக்கடைக்காரரின் மகன். பாசம் இருக்காதா?

இவ்வளவு பெரிய சந்தை நகரத்தின் நடுவில் இருந்தால் போக்குவரத்து என்ன ஆகும்? 1960களில் முடிவு செய்தார்கள்: சந்தையை தேம்ஸ் நதிக்குத் தெற்கே நைன் எல்ம்ஸ் என்ற இடத்துக்குக் கொண்டுபோய்விடுவது. இதில் யாருக்கும் பெரிய தகராறு இல்லை. சந்தை போன பிறகு அந்த இடத்தை என்ன செய்வது என்பதில்தான் வந்தது வினை.

கிரேட்டர் லண்டன் கவுன்சில், சுருக்கமாக ஜி.எல்.சி., அப்போதுதான் 1965ல் புதிதாக அமைந்திருந்தது. லண்டன் மொத்தத்துக்கும் பொதுவான பெரிய கவுன்சில். வெஸ்ட்மின்ஸ்டர், கேம்டன் என்ற இரண்டு உள்ளூர் கவுன்சில்களையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு அது ஒரு திட்டக் குழுவை உட்கார வைத்தது. 1968 நவம்பரில் வரைவு வெளியானது.

சந்தை மட்டுமல்ல, அதைச் சுற்றி 96 ஏக்கர். அதில் பாதிக்கு மேல் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது. ஸ்ட்ராண்டு சாலைக்கு இணையாகப் புதிய ரோடு, வடக்கே இன்னொன்று. பெரிய மாநாட்டு மண்டபம், ஹோட்டல்கள், அலுவலகங்கள், பள்ளிக்கூடம், விளையாட்டு அரங்கம், பூங்கா, நிறையப் புது வீடுகள்.

கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? ஆமாம், நன்றாகத்தான் இருந்தது. அந்தத் திட்டத்தைப் போட்டவர்கள் யாரும் வில்லன்கள் அல்ல. அங்கிருந்த பல பழைய வீடுகளில் சரியான குளியலறை கிடையாது. குழந்தைகள் விளையாட ஒரு துண்டு பசுமை கிடையாது. இதையெல்லாம் சரி செய்ய வேண்டும் என்று நிஜமாகவே நினைத்தவர்கள்தான் அவர்கள்.

நான் பி.காம். படித்தவன். கட்டடக்கலை தெரியாது. ஆனால் எந்தத் திட்டத்தைக் கொடுத்தாலும் முதலில் 'காசு எங்கிருந்து வருகிறது?' என்று பார்க்கத் தெரியும். அங்கே பார்த்தால்தான் விஷயம் புரிகிறது. பூங்கா வருமானம் தராது. பள்ளிக்கூடம் தராது. குறைந்த வாடகை வீடு தரவே தராது. அலுவலகமும் ஹோட்டலும்தான் தரும். நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்த கவுன்சிலுக்குச் சட்டம் வழி கொடுத்தது. அந்த நிலத்தில் தனியார் கட்டுமான நிறுவனங்களைக் கட்டவிட்டு, அந்த லாபத்தில் மற்றதைச் செய்யலாம் என்பது கணக்கு. அப்படியானால் ஒரு பூங்கா வேண்டுமென்றால் ஓர் அலுவலகக் கட்டடம் கூடுதலாக வேண்டும். இன்னொரு பள்ளி வேண்டுமா? இன்னும் இரண்டு மாடி ஏற்று!

வரவும் செலவும் டேலி ஆகிவிட்டது. ஏற்கெனவே அங்கே வாழ்ந்துகொண்டிருந்த மூவாயிரத்துச் சொச்சம் பேர் மட்டும் சஸ்பென்ஸ் அக்கவுண்டில் நின்றார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. பிரிட்டனில் அப்போதுதான் 'மக்களைக் கேட்டுத் திட்டம் போடு' என்ற பேச்சு பலமாக அடிபட்டது. 1968ல் வந்த நகரமைப்புச் சட்டமே அதைச் சொன்னது. எப்படிக் கேட்பது என்று யோசனை சொல்ல ஆர்தர் ஸ்கெஃபிங்டன் என்ற எம்.பி. தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். அது 1969ல் அறிக்கையும் கொடுத்தது. கேட்காமல் கட்டுவதன் மீது ஜனங்களுக்குச் சலிப்பு வந்திருந்த நேரம் அது. 1968 மே மாதம் கிழக்கு லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பில், ஒரு வீட்டில் கேஸ் வெடித்து, கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சீட்டுக்கட்டு மாதிரி சரிந்தது. நாலு பேர் செத்தார்கள். திறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. 'நிபுணர்களுக்குத் தெரியும்' என்ற நம்பிக்கையும் அந்த மூலையோடு சேர்ந்து கொஞ்சம் சரிந்தது.

ஜி.எல்.சி.யும் ஊரைக் கேட்டது. கண்காட்சி வைத்தது. அழகான மாதிரி வடிவங்கள், வண்ணப் படங்கள். போய்ப் பார்த்தவர்கள் 'நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லிவிட்டு வந்தார்கள். ஒரு வண்ணப் படத்தைப் பார்த்து வேறென்ன சொல்ல முடியும்? அதில் உங்கள் வீடு இருக்காது. ஆனால் இல்லை என்பதும் தெரியாது! அந்த இடத்தில் ஒரு மரம் வரைந்திருப்பார்கள். மரத்தடியில் ஒரு பெண் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவாள். யாருக்குக் கோபம் வரும்?

திருத்தங்களோடு திட்டம் மந்திரியின் ஒப்புதலுக்குப் போனது. அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. முடியவில்லை. காரணம், திட்டக் குழுவுக்குள்ளேயே இருந்த ஓர் ஆள்.

பிரையன் ஆன்சன். கட்டடக்கலைஞர். ஜி.எல்.சி.யில் சம்பளம் வாங்கிக்கொண்டு கோவன்ட் கார்டன் திட்டத்தில் வேலை செய்தவர். வேலைக்காக அந்தத் தெருக்களில் நடந்தார். ஜனங்களோடு பேசினார், மதுக்கடையில் உட்கார்ந்தார். மெல்ல மெல்ல அவருக்கு உறுத்த ஆரம்பித்தது. தான் மேஜையில் போடுகிற கோடு யார் வீட்டு அடுப்படி வழியாகப் போகிறது என்று தெரிந்துவிட்டால் அப்புறம் கை எப்படி நடுங்காமல் இருக்கும்? அதிருப்தியை உள்ளே சொன்னார். வெளியிலும் சொன்னார். விளைவு, நீங்கள் எதிர்பார்ப்பதுதான். திட்டக் குழுவிலிருந்து அவரைத் தூக்கிவிட்டார்கள்.

தூக்கியது தப்பாகப் போயிற்று. அந்த வரைவை வரி விடாமல் படித்துச் சொல்லத் தெரிந்த ஓர் ஆள் அந்தப் பேட்டை ஜனங்களுக்கு இலவசமாகக் கிடைத்துவிட்டார்!

1971ல் கோவன்ட் கார்டன் சமூக சங்கம் பிறந்தது. ஆன்சனோடு ஜிம் மோனஹன் என்ற கட்டடக்கலை மாணவர் சேர்ந்துகொண்டார். அச்சகத் தொழிலாளி, கடைக்காரர், வாடகைக்கு இருக்கும் பாட்டி, நாடகக்காரர் எல்லோரும் வந்தார்கள். அவர்கள் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? கோஷம் போடுவதற்கு முன், வரைவில் இருந்ததைத் தெருப் பெயர் சொல்லி, சாதாரண பாஷையில் மொழிபெயர்த்தார்கள். 'விரிவான மறுவளர்ச்சி' என்றால் உன் வீடு இடிபடும். 'மாற்றுக் குடியமர்வு' என்றால் இந்த வாடகையில் இங்கே நீ இருக்க முடியாது. இது புரிந்த பிறகுதான் மெகாபோனுக்கு வேலை வந்தது.

1971 ஜூலையில் பொது விசாரணை ஆரம்பித்தது. அங்கே ஒரு நல்ல முறை உண்டு. இப்படிப்பட்ட திட்டத்துக்கு ஆட்சேபணை வந்தால் ஒரு விசாரணை அதிகாரி உட்காருவார். கவுன்சில் தன் திட்டத்தை வக்கீல் வைத்து நியாயப்படுத்த வேண்டும். எதிர்ப்பவர்கள் குறுக்கு விசாரணை செய்யலாம். தெருவில் பூ விற்கிறவர்கூட எழுந்து நின்று, 'ஐயா, இந்த ரோடு எதற்கு?' என்று கேட்கலாம், பதில் சொல்லியாக வேண்டும். வாரக்கணக்கில் நடந்தது. ஆனால் எல்லாம் கேட்டுவிட்டு அதிகாரி கொடுத்த அறிக்கை பெருமளவு திட்டத்துக்குச் சாதகமாகத்தான் இருந்தது.

தோற்றாயிற்றா? அதுதான் இல்லை. இங்கேதான் கதையில் ஒரு சீமாட்டி வருகிறார்.

லேடி டார்ட்மத். பிரபு குடும்பத்து மருமகள். காதல் நாவல்களாக எழுதிக் குவித்த பார்பரா கார்ட்லேண்டின் மகள். பிற்பாடு 1976ல் ஸ்பென்சர் பிரபுவை மறுமணம் செய்துகொண்டு இளவரசி டயானாவுக்குச் சித்தியானவர். கன்சர்வேடிவ் கட்சிக்காரர். அவர்தான் ஜி.எல்.சி.யின் கோவன்ட் கார்டன் கமிட்டிக்குத் தலைவி. திட்டத்தை நிறைவேற்ற வேண்டிய பொறுப்பில் இருந்தவர். போராட்டக்காரர்கள் திட்டித் தீர்த்தது அவரைத்தான்.

1972ல் அந்த அம்மாள் ராஜினாமா செய்தார். பொதுமக்களைப் பிரதிநிதித்துவம் செய்கிற ஒருவர்கூட, ஓர் அமைப்புகூட இந்தத் திட்டத்தை ஆதரிக்கவில்லை, நான் இதை எப்படி நடத்துவது என்பதுதான் அவர் சொன்ன காரணத்தின் சாரம். யோசித்துப் பாருங்கள். பதவியில் இருக்கும்போது, தன் கட்சி ஆளும் கவுன்சிலில், தான் தலைமை தாங்குகிற திட்டத்தைப் பற்றி ஒருவர் இப்படிச் சொல்லிவிட்டுப் போகிறார்! தெருவில் கத்தியவர்களால் முடியாதது, நாற்காலியிலிருந்து எழுந்த ஒருவரால் முடிந்தது. ஆனால் தெருவில் அவர்கள் கத்தியிருக்காவிட்டால் அந்த நாற்காலிக்குக் காது கேட்டிருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1973 ஜனவரியில் மந்திரி ஜெஃப்ரி ரிப்பன் தீர்ப்பு சொன்னார். சாமர்த்தியசாலி. திட்டத்தை ரத்து செய்யவில்லை. ஒப்புதல் கொடுத்தார். கூடவே அந்த 96 ஏக்கருக்குள் சுமார் 250 கட்டடங்களைப் பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் பட்டியலில் சேர்த்துவிட்டார். பட்டியலில் வந்துவிட்டால் தனி அனுமதி இல்லாமல் இடிக்க முடியாது. கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக 250 கட்டடங்கள். அதன் நடுவே ரோடு எங்கே போடுவது? பத்து மாடி எங்கே எழுப்புவது? திட்டம் உயிரோடுதான் இருந்தது. மூச்சு மட்டும் இல்லை.

சில மாதங்களில் ஜி.எல்.சி. தேர்தல். லேபர் கட்சி ஜெயித்தது. புதிதாகத் திட்டம் எழுத ஆரம்பித்தார்கள். இந்த முறை குடியிருப்பவர்கள், வேலை செய்கிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள் என்று அந்தப் பேட்டைக்காரர்களே தேர்ந்தெடுத்த ஒரு மன்றத்தோடு பேசிப் பேசி எழுதினார்கள். 1974 நவம்பரில் சந்தை நைன் எல்ம்ஸுக்குப் போனது. புதுத் திட்டம் 1978ல் நிறைவேறியது. 1980ல் பழைய சந்தைக் கட்டடம் சின்னச் சின்னக் கடைகளோடு மறுபடி திறந்தது. ஒரு பெரிய அச்சகம் இருந்த இடத்தில் ஜி.எல்.சி.யே சுமார் நூறு வீடுகள் கட்டியது. கோபுரம் மாதிரி அடுக்காமல், படிப்படியாக, மாடித் தோட்டங்களோடு. ஆட்ஹம்ஸ் வாக் என்று பெயர். இன்றும் இருக்கிறது. அடர்த்தியாகவும் கட்டலாம், மனிதர் வாழ்கிற மாதிரியும் கட்டலாம் என்பதற்குச் சாட்சி.

'சுபம்' போட்டுவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள். கட்டடங்கள் பிழைத்தன. எல்லா மனிதர்களும் பிழைத்தார்களா என்றால், இல்லை. அழகாகப் புதுப்பித்த இடத்துக்குச் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். பின்னாலேயே வாடகை ஏறியது. மளிகைக்கடை போய் வாசனைத் திரவியக் கடை வந்தது. அச்சகம் போய் காபி ஷாப் வந்தது. இடிக்க வந்த புல்டோசரை நிறுத்த முடிந்தது. சத்தமில்லாமல் வந்த வாடகை ரசீதை நிறுத்த முடியவில்லை. ஆன்சன் 1981ல் இந்தப் போராட்டத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவருக்கு இது வெற்றிக் கதையாகத் தெரியவில்லை. அவர் காப்பாற்ற நினைத்தது செங்கல்லை அல்ல.

ஆனால் ஒன்று. திட்டம் போட்ட ஜி.எல்.சி.யை 1986ல் மார்கரெட் தாட்சர் அரசு கலைத்துவிட்டது. அதை எதிர்த்த அந்தச் சங்கம் இன்னும் இருக்கிறது. கட்டட விண்ணப்பம், மதுக்கடை லைசென்ஸ் என்று என்ன வந்தாலும் எடுத்துப் படிக்கிறது, ஆட்சேபணை எழுதுகிறது. ஒரு முறை ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கவில்லை.

நம் ஊரிலும் இதற்குச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். அதன் பெயரிலேயே 1971 என்று இருக்கிறது. லண்டனில் அந்த விசாரணை நடந்த அதே வருடம்! வரைவை வெளியிட வேண்டும், ஆட்சேபணை கேட்க வேண்டும் என்று அதுவும் சொல்கிறது. ஆக, கதவு இங்கேயும் திறந்துதான் இருக்கிறது. உள்ளே போகிறவர்கள்தான் பாத்ரூம் எங்கே என்று கேட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

சரி, அந்த நகராட்சி அலுவலகத்தில் நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? வரைபடத்தைப் பார்த்தேன். க்ளார்க்குக்கு நன்றி சொன்னேன். ஆட்சேபணையை அடுத்த வாரம் உட்கார்ந்து விவரமாக எழுதலாம் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அடுத்த வாரம் ஏதோ வேலை. அதற்கடுத்த வாரம் கெடு முடிந்துவிட்டது. நண்பனிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். "வெறும் வரைவுதானே!" என்றான்.

இரண்டு வருடம் கழித்து அந்தத் தெருவுக்குப் போனபோது வீட்டுச் சுவர்களில் சிவப்பு பெயின்ட்டில் அம்புக்குறி போட்டிருந்தார்கள். நண்பனின் அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். திண்ணை அம்புக்குறிக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"நீ போய் மேப்பைப் பார்த்தியாமே தம்பி..." என்றார். "அப்பவே எழுதிக் கொடுத்திருக்கக் கூடாதா?"